பூனையை அனுப்பிவிட்டால் தெள்ளு போய்விடுமா?

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 51 வயது அம்மா ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கணவர் கைத்தறி நெசவாளி. முன்கட்டிலேயே குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடித்துக் குதறிக்கொண்டிருந்ததால், மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண் பூனையை எடுத்து வந்தார்கள். எலித் தொல்லை தீர்ந்தது. ஐந்து வாரத்துக்கு முன், தறிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய சாக்கின் மேல் பூனை நான்கு குட்டி போட்டது. நடுவில் சென்னையில் ஒரு கல்யாணம். பூனையையும் குட்டிகளையும் கொல்லைப்பக்கத்து ஆட்டுக் கொட்டகையில் விட்டு, பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து தறியில் உட்கார்ந்த அன்றைக்கே வீட்டுக்காரரின் இரண்டு காலும் கணுக்கால் வரை தடித்துச் சிவந்துவிட்டது. “எள்ளு மாதிரி குதிக்குது டாக்டர், பிடிக்கப் போனா இல்ல” என்று எழுதியிருக்கிறார்.

போன வாரம் ஒரு குட்டி செத்துவிட்டது. பால் போதவில்லை என்று நினைத்தாராம். நான்கு வயதுப் பேரனுக்கு மலத்தோடு அரிசி மாதிரி ஏதோ வருகிறது. அங்கன்வாடியில் கொடுத்த பூச்சி மாத்திரை போட்டும் நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் தாய்ப்பூனை அவன் கையில் லேசாக ரத்தம் வரும்படி கீறியிருக்கிறது. மார்கழியில் கணவருக்குப் பத்து நாள் விடாத காய்ச்சல் வந்து, வேலூரில் சேர்த்தபோது ‘டைபஸ்’ என்றார்களாம். அதுவும் இந்தப் பூனையால்தான் என்று தெருவே சொல்கிறது. மகள் ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து, வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குள் தாய்வீடு வரவேண்டும். “பூனை கீற வூட்டுக்குப் பொண்ண அனுப்ப மாட்டோம்” என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். கொழுந்தனார் அதற்கு வழியும் வைத்திருக்கிறார்: “சாக்குல போட்டு மோர்தானா அணையாண்ட உட்டுட்டு வந்துட்றேன்.”

அம்மா கேட்பது மூன்று. நாய்க்குப் போடும் உண்ணி மருந்து டியூப் ஒன்றைக் கடையில் வாங்கி வைத்திருக்கிறார், அதில் கால் பங்கைப் பூனைக்குப் போடலாமா? அந்தக் காய்ச்சல் பூனையால் வந்ததா? பூனையை அனுப்பிவிடத்தான் வேண்டுமா?

வணக்கம் அம்மா.

மற்றது எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த டியூப். அட்டையில் இருந்த எழுத்தை அப்படியே பார்த்து எழுதி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. அதில் உள்ளது பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனையைக் கொன்றுவிடும். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கான டியூபில் மருந்து அடர்த்தியாக இருப்பதால் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று கணக்குப் போடவே இடமில்லை. சில சொட்டே போதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு பூனையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, காது துடிக்கிறது, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது. “நாய்க்குப் போடறதுதான் சார், கொஞ்சமாத்தான் போட்டோம்” என்றார்கள். அது பிழைக்கவில்லை. அன்றிலிருந்து யார் பூனையோடு வந்தாலும் ‘என்ன போட்டீர்கள்?’ என்பதுதான் என் முதல் கேள்வி.

நீங்கள் போடாமல் எழுதிக் கேட்டீர்கள். மூன்று குட்டியும் தாயும் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கை தவறி எப்போதாவது பட்டுவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு உடனே கழுவி, துடைத்து, அந்த நிமிடமே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதே வரிசையில் இன்னும் சில. மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கரைத்த எண்ணெய், அந்துருண்டை, இவை எதுவும் பூனை உடம்பில் படக் கூடாது. பூனை நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. முதுகில் தடவியது ஒரு மணி நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். வேப்பெண்ணெய் நம் வீட்டுப் பொருள்தானே என்பீர்கள். பூனைக்கு அதுவும் ஆகாது, குட்டிக்கு ஆகவே ஆகாது. மஞ்சள் பூசினால் கெடுதல் இல்லை, பூனை மஞ்சளாகும், தெள்ளு அப்படியே இருக்கும். பரண் மேல் பழைய கமாக்சின் பவுடர் டப்பா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லியை 1997-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பேரன் தரையில் விளையாடும் வீட்டில் அதைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். கடிதம் முழுக்க ‘உண்ணி’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இருப்பது உண்ணி அல்ல, தெள்ளுப்பூச்சி. உண்ணி குதிக்காது, கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு பொட்டுக்கடலை போல உப்பும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, அரக்கு நிறத்தில் இருக்கும். நகத்தில் வைத்து நசுக்கினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உண்ணி மருந்து என்று கேட்டதால்தான் கடைக்காரர் நாய் மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

குழிக்குள் இருப்பது

நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தப் பத்து நாள் கதைதான். வீடு பூட்டிக் கிடந்தது. பூனை வெளியே, கொட்டகையில். ஆனாலும் திரும்பி வந்த அன்றைக்கு முன்னெப்போதையும்விட அதிகக் கடி. பூனையை அனுப்பினால் தெள்ளு போய்விடுமா என்ற கேள்விக்கு நீங்களே பரிசோதனை செய்து பார்த்துவிட்டீர்கள் அம்மா. பதிலும் வந்துவிட்டது.

பூனை மேல் நாம் பார்க்கும் தெள்ளு, வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 95 பங்கும் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது. ரத்தம் குடித்த பெண் தெள்ளு ஒன்று நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை வழுவழுவென்று இருப்பதால் பூனை மேல் ஒட்டாது. பூனை எங்கே படுக்கிறதோ, எங்கே உதறுகிறதோ அங்கே உதிரும். சில நாளில் அதிலிருந்து நூல் நுனி போல ஒரு வெள்ளைப் புழு வரும். வெளிச்சம் அதற்கு ஆகாது, சந்து பொந்துக்குள் இறங்கிவிடும். பெரிய தெள்ளு போடும் எச்சம்தான் அதற்குச் சோறு. அந்த எச்சம் காய்ந்த ரத்தம்தான்.

இப்போது உங்கள் தறிக்குழியை நினைத்துப் பாருங்கள். குளிர்ச்சி, இருட்டு. நூல் அறாமல் இருக்க அந்த மண்ணின் ஈரம் நல்லது என்று உங்கள் வீட்டுக்காரரே சொல்லுவார். அடியில் பஞ்சுத் தூசி, சுவரில் வெடிப்பு, பக்கத்தில் குட்டி போட்ட சாக்கு. தெள்ளுப் புழுவுக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது. அக்கினி நட்சத்திரத்தில் எந்தப் பூச்சியும் தங்காது என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முற்றத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. 35 டிகிரிக்கு மேல் சூடும் வறட்சியும் சேர்ந்தால் புழு பிழைக்காது. நம் வேலூர் வெயிலில் திறந்த முற்றத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் குழிக்குள் சித்திரை வருவதே இல்லையே.

அடுத்தது கூடு. புழு பசையுள்ள பட்டுக்கூடு ஒன்றைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். அதன் மேல் தூசியும் பஞ்சும் ஒட்டிக்கொள்வதால் பார்த்தால் மண் துணுக்கு போலவே இருக்கும். துடைப்பத்துக்கு வராது, மருந்தும் எளிதில் உள்ளே போகாது. உள்ளே தயாராகிவிட்ட தெள்ளு அவசரப்பட்டு வெளியே வருவதில்லை. மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். எதற்கு? உடம்புச் சூடு, மூச்சுக் காற்று, அதிர்வு. இவை தெரிந்தால் ‘யாரோ வந்துவிட்டார்கள்’ என்று சில நொடியில் வெளியே பாயும். உங்கள் வீட்டுக்காரர் பத்து நாள் கழித்துக் குழிக்குள் கால் வைத்து மிதியை மிதித்தார். பத்து நாளாக முதிர்ந்து காத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தன.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பூனை மேல் ஏறி ரத்தம் குடிக்கத் தொடங்கிய தெள்ளு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். உங்கள் காலைக் கடிப்பது கூட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, பூனை கிடைக்காமல் பசியோடு இருப்பவை. பூனையை மோர்தானாவில் விட்டுவிட்டால் அவற்றுக்கு மிச்சம் நீங்கள்தான். வைகாசியில் வரும் மகளும்தான்.

அதனால் என் யோசனை இது: பூனையை வைத்துக்கொண்டே தெள்ளைப் பிடியுங்கள். சரியான மருந்து போட்ட பூனை வீட்டுக்குள் வழக்கம்போல் நடமாடினால், புதிதாக வரும் தெள்ளெல்லாம் அதன் மேல் ஏறும், முட்டையிடும் முன்னே செத்து விழும். எலிக்கு வைத்த பூனை தெள்ளுக்குப் பொறியாகும்.

அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பூனை போனால் எலி வரும். எலி தனியாக வராது, தன் தெள்ளோடு வரும். எலிக் காய்ச்சல் வேறு. பாவுக்கு ஆகும் சேதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்தனாரிடம் இதையும் சொல்லுங்கள்: வளர்த்த பிராணியைச் சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்கும்படி கொண்டுபோய் விடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பால் குடிக்கும் குட்டிகளோடு சாக்கில் கட்டி விடுவதைச் சட்டப் புத்தகம் பார்த்துத்தான் தப்பென்று சொல்ல வேண்டுமா என்பது வேறு.

செத்துப் போன குட்டியும் இருக்கிற மூன்றும்

பால் இல்லாமல் செத்தது என்று மனதைப் போட்டு உலுக்கிக்கொள்கிறீர்கள். தாய்க்குப் பால் இருக்கிறது, மற்ற மூன்றும் குடிக்கின்றன என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘மூக்கும் வாயும் வெள்ளையாகி, துவண்டு, சாக்கிலேயே கிடந்தது’ என்ற வரியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ரத்தசோகை. ஒரு மாதக் குட்டி 400 கிராம் எடை என்றால் அதன் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் 25 மில்லி அளவுதான், ஐந்து டீஸ்பூன் அளவு. சுமார் 70 பெண் தெள்ளு சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லி ரத்தம் குடித்துவிடும். சாக்கு நிறையத் தெள்ளு இருந்தால் குட்டி எத்தனை நாள் தாங்கும்?

நேராகப் பார்க்காமல் இது என் ஊகம்தான். ஆனால் இருக்கிற மூன்றின் ஈறையும் இன்றே பாருங்கள். உதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போக வழியில்லை என்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள், அது கால்நடை ஆம்புலன்ஸ் எண். மனிதர்களுக்கான ரத்த டானிக்கை நீங்களாக ஊற்ற வேண்டாம்.

தெள்ளுதானா என்று உறுதி செய்ய உங்கள் வீட்டில் கருவி இருக்கிறது. வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை நனைத்து விரித்து, பூனையின் வாலடியைப் பேன்சீப்பால் வாரி, விழும் கருப்புப் பொடியை அதன் மேல் தட்டுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். தெள்ளு எச்சமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செங்காவி நிறம் கசிந்து பரவும். அது உங்கள் குட்டியின் ரத்தம்.

குட்டிகளுக்கு இந்த வயதில் கழுத்தில் விடும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். பேன்சீப்புதான் மருந்து. காலையும் மாலையும் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். ரொம்ப அதிகமாக இருந்தால் ஒரு முறை குளிப்பாட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு. முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டு வளையம் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் முகத்துக்கு ஏறும். குளிப்பாட்டிய உடனே நன்றாகத் துவட்டிச் சூடாக வைக்க வேண்டும். இந்த வெயில் காலத்திலும் ஈரக் குட்டி விறைத்துப்போகும்.

தாய்க்கு மருத்துவர் எடை பார்த்துப் பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து தருவார். செலமெக்டின் பால் கொடுக்கும் பூனைக்கும் போடக் கூடியது. அதைக் கேட்டுப் பாருங்கள். பிடரியில், நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். காயும்வரை சில மணி நேரம் குட்டிகளைத் தனியே வையுங்கள். மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம்.

கொட்டகையில் இருக்கும் இரண்டு ஆட்டையும் மறந்துவிடாதீர்கள். பூனைத் தெள்ளு ஆட்டின் மேலும் நன்றாக வாழும். அவற்றை விட்டுவிட்டுப் பூனைக்கு மட்டும் மருந்து போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. ஆனால் பாலும் கறியும் தருகிற பிராணிக்கான மருந்து வேறு. பூனை மருந்தை ஆட்டுக்குப் போடாமல் தனியாகக் கேளுங்கள்.

பேரனுக்கு வந்த அரிசி

அது பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டு. பூனையின் வாலடியிலும் காய்ந்த அரிசி போல, வெள்ளரி விதை போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் புழு பூனை முடியால் வருவதில்லை, பூனை மலத்தைத் தொடுவதாலும் வருவதில்லை. தெள்ளை விழுங்கினால்தான் வரும். பூனை உடம்பை நக்கும்போது விழுங்கும். குழந்தை பூனையோடு புரண்டுவிட்டு விரலை வாயில் வைக்கும்போது விழுங்கும்.

அங்கன்வாடியில் கொடுப்பது அல்பெண்டசோல். உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு நல்ல மருந்து, அதைக் குறை சொல்லாதீர்கள். இந்த நாடாப்புழுவுக்கு உரியது பிராசிகுவாண்டல். குழந்தையின் எடை பார்த்துக் குழந்தை மருத்துவர் கொடுக்க வேண்டியது. அடுத்த முறை வரும்போது ஒரு துண்டைச் சின்னப் பாட்டிலில் போட்டு எடுத்துப் போங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சமாகும். சொன்னால் அருவருப்பாக இருக்கும், ஆனால் உடம்பை உருக்கும் நோய் இல்லை, பயப்பட வேண்டாம். பூனைக்கும் அதே மருந்துதான், அளவு வேறு. தெள்ளு ஒழியாமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடி வரும்.

அவன் கையில் கீறியதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லியாக வேண்டும். பூனைக் கீறலிலும் கடியிலும் வெறிநோய் வரலாம். கீறிப் பத்து நாளுக்கு மேல் ஆகியும் பூனை நன்றாகச் சாப்பிட்டு, குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் இந்த முறை மனம் ஆறுதலாக இருக்கலாம். ஆனாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இனி ரத்தம் கசியும்படி கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

தெள்ளு எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டியிருந்து, கீறும்போது காயத்துக்குள் போவதால் வருகிற காய்ச்சல் ஒன்றும் உண்டு. கீறிய இடத்தில் சின்னக் கொப்புளம், ஒன்றிரண்டு வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டுவது, லேசான காய்ச்சல். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பேரனின் அக்குளைத் தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால், பூனை கீறியது என்ற தகவலோடு மருத்துவரிடம் போங்கள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் அவர் வேறு எதையெதையோ தேட வேண்டியிருக்கும்.

மார்கழிக் காய்ச்சல்

டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. டைபஸிலும் வகைகள் உண்டு. எலித் தெள்ளால் வருவது ஒன்று. பூனைத் தெள்ளும் அதைப் பரப்பலாம். எனவே தெருவில் பேசுவதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு விஷயம் எனக்கு வேறு திசையைக் காட்டுகிறது. அந்த மாதம் அவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்க மலையடிவாரப் புதருக்குப் போய்வந்திருக்கிறார். இடுப்பில், வேட்டிக் கட்டுக்குக் கீழே, ‘பீடியால் சுட்ட மாதிரி’ கருப்பாக ஒரு பொருக்கு இருந்திருக்கிறது. அந்தப் பொருக்கு ஸ்கிரப் டைபஸ் என்ற காய்ச்சலின் முத்திரை. புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. தெள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பூனைக்கும் இல்லை. மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் நம் மாவட்டத்தில் இது நிறையவே வரும், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஸ்கிரப்’ என்ற சொல் இருக்கிறதா என்று யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். இருந்தால் பூனையின் மேல் உள்ள வழக்கு தள்ளுபடி.

எந்த டைபஸாக இருந்தாலும் டாக்சிசைக்ளின் என்ற பழைய மாத்திரைக்குக் கட்டுப்படும், சீக்கிரம் கொடுத்தால். அதனால் தெள்ளு இருக்கிற இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மூன்று நாளைத் தாண்டினால் ‘வீட்டில் பூனை இருக்கிறது, தெள்ளு கடித்தது, புதர்ப் பக்கம் போனோம்’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மகளுக்கு என்றால் மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், காய்ச்சல் கண்ட அன்றே காட்டுங்கள். கர்ப்பிணிக்கு மருந்து தேர்ந்தெடுப்பது தனி, அதைப் பிரசவ மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

சம்பந்தியம்மாவுக்கு என்ன சொல்வது

பூனை முடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவர் பயப்படுகிறார். முடி ஒன்றும் செய்யாது. அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையான நோய் ஒன்று இருக்கிறது, டாக்ஸோபிளாஸ்மா. அது பூனையின் மலத்தில் வரும். தெள்ளால் வராது, மடியில் வைத்துத் தடவுவதால் வராது. முதல் முறை தொற்று வந்த பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் அந்தக் கிருமியை வெளியேற்றும். வெளியே வந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மண் தட்டை தினமும் அள்ளிப் புதைத்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அந்த வேலையை மகள் செய்யக் கூடாது, நீங்கள் செய்யுங்கள். கொல்லை மண்ணையும் மகள் கிளற வேண்டாம். சரியாக வேகாத கறியாலும் இந்த நோய் வரும். திருவிழாக் கறி நன்றாக வெந்திருக்கட்டும், கீரையும் காயும் நன்றாகக் கழுவியிருக்கட்டும். சம்பந்தியம்மாவிடம் வாதாடாமல் இந்த ஏற்பாட்டைச் சொல்லுங்கள். ‘பூனை பத்திரமானது’ என்று சொல்வதைவிட ‘மலத்தை நான் அள்ளுகிறேன், உங்கள் மருமகள் கிட்டே போகமாட்டாள்’ என்றால் அவருக்குப் பிடிபடும்.

வைகாசி முதல் தேதிக்குள்

உங்கள் கையில் நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நாள் இருக்கிறது. முட்டையிலிருந்து முட்டை வரை தெள்ளுக்கு ஆகும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான், எனவே இன்றே தொடங்க வேண்டும்.

அந்தப் பழைய சாக்கை எரித்துவிடுங்கள். குட்டிகளுக்குப் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். குழிக்குள் இறங்கி மூலை வரை பஞ்சைக் கூட்டி அள்ளி, அள்ளியதைக் கொல்லையில் கொட்டாமல் எரித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை. பாவு இறக்கி அடுத்த பாவு ஏற்றும் இடைவெளியில் குழிச் சுவர் வெடிப்புகளை மண் பூசி அடைத்துவிட்டால் பாதித் தொட்டில் மூடிவிடும். கால்நடை மருத்துவர் தரைக்கு ஏதாவது தெளிப்பு மருந்து எழுதிக் கொடுத்தால், முழுதும் காயும்வரை பூனை, குட்டி, பேரன் யாரும் அந்தக் கட்டுக்குள் வரக் கூடாது. அவராகச் சொல்லாமல் கரப்பான் ஸ்பிரேயை வாங்கிக் குழிக்குள் அடிக்காதீர்கள்; அதே பெர்மெத்ரின் குடும்பத்து மருந்து அதிலும் இருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருந்து போட்டு இரண்டு வாரம் கழித்தும் தெள்ளு கண்ணில் படும். ‘டாக்டர் சொன்ன மருந்து சரியில்லை’ என்று தோன்றும். அவை முன்பே கட்டிய கூட்டிலிருந்து வருபவை. அவற்றை மருந்தால் தடுக்க முடியாது, வெளியே வந்த பிறகு பூனை மேல் ஏறித்தான் சாக வேண்டும். வீட்டுக்காரர் தறியில் உட்காரும் முன் குழிக்குள் ஒரு கட்டையால் நாலு தட்டுத் தட்டி, பூனையைச் சிறிது நேரம் அங்கே விட்டுவைக்கட்டும். கேட்டால் சிரிப்பார், இருந்தாலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காலில் கடித்த இடத்துக்குக் கலமைன் லோஷன் போதும், சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால்.

மகள் வருவதற்குள் தெள்ளு முழுக்க ஒழிந்துவிடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது, நன்றாகக் குறைந்திருக்கும். அவள் படுக்கையைத் தறிக்கட்டில் போடாமல் உள்கட்டில் கட்டில் மேல் போடுங்கள். பூனை உள்கட்டுக்குள் படுக்கப் பழகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டிகள் எட்டு வாரம் தாண்டியதும் சொட்டு மருந்துக்கும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் கொண்டுபோங்கள். தாய்ப்பூனைக்குப் பால் நின்ற பிறகு கருத்தடை செய்துவிடலாம். வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு புது சாக்கு என்று போனால் இந்தக் கடிதத்தை நீங்கள் மறுபடி எழுத வேண்டிவரும். சொட்டு மருந்து போடும் முதல் தேதியைத் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அதற்கு அடுத்த இரண்டு மாதத் தேதிகளையும் இப்போதே குறித்துவிடுங்கள். இரண்டாவது மாதம் கடி நின்றுபோயிருக்கும், அப்போதுதான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது சொட்டு அவசியம் போடுங்கள்.